வெளிப்பூச்சிக்கு மட்டும்

இறக்குமதி செய்தவர்கள் ட்யூபில் ஒட்டிய ஸ்டிக்கரில்
மூன்று மொழி.
தமிழில் மட்டும் ஓர் எழுத்துச் சறுக்கல்:
'வெளிப்பூச்சிக்கு மட்டும்.'
அப்ப வீட்டுப் பூச்சிக்கு என்ன பூசுறது
என்று பஸ்லியா கட்டிலில் உருண்டு சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.
அன்று காலைதான் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்,
பூச்சி உண்மை என்று.
கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. எல்லார் முகத்திலும் உண்டாம்.
உங்கட முகத்தில கொஞ்சம் கூட்டம், என்றார் டொக்டர்,
ஏதோ நூறாம் நம்பர் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில்
எங்களுக்கு ஒரே அறை, ஒரே கண்ணாடி.
அவளுடையது பரு. இருபத்தொன்பது வயதிலும் விடாத பரு,
தாடையோரம், மாதக் கணக்குப் பிசகாமல்.
அவளுடைய மருந்து தலையணை உறையின் நீலத்தைத் தின்னும்.
விடியும்போது துணியில் வெள்ளை வெள்ளையாய்த்
தீவுகள்.
சீலைக்கடையில் வேலை செய்பவள்
வெள்ளை உறை வாங்க ஆறு மாதம் எடுத்தாள்.

என்னுடையது பரு இல்லை.
பரு என்றுதான் ஐந்து வருடம் பூசினேன்.
கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாய் நிற்பதில்லை,
கத்தரிப்பூ நிறத்தில் பதுங்கும்.
கன்னத்தில் கைவைத்தால்தான் தெரியும்
அடுப்பு எரிவது.
முதல்முதலில் கைவைத்துப் பார்த்தவர் இந்த டொக்டர்தான்.

வெளிநாட்டுக் காசு எடுக்க வருபவர்கள்
கவுண்டர் கண்ணாடிக்கு அப்பால் நின்று கேட்பார்கள்,
என்ன தங்கச்சி, கோவமா?
மெனேஜர் பவுடர் போடச் சொன்னார்.
புறக்கோட்டையில் ஒருவன் லேபல் இல்லாத டப்பா தந்தான்.
மூன்று கிழமை
முகம் புதுச் சுவர்மாதிரி.
டப்பா முடிந்த நாலாம் நாள்
சுவர் முழுக்கத் தீ.

ஒரு போயா தினம். ஃபார்மசி பூட்டு.
என்னுடையது தீர்ந்திருந்தது,
அவளுடையது அலமாரியில் இருந்தது.
மருந்துதானே, முகம்தானே என்று
விரல் நிறைய எடுத்துப் பூசினேன்.
கொச்சிக்காய் அரைத்த கையால் யாரோ அறைந்த மாதிரி.
பஸ்லியா ஒன்றும் கதைக்கவில்லை.
துவாயை நனைத்தாள், பிழிந்தாள், போட்டாள்,
காற்றாடியை என் பக்கம் திருப்பினாள்.
விடியும்வரை வேர்த்தாள்.

பட்டாணி அளவு. கண்ணைத் தவிர்த்து.
காய்ந்த பிறகு வெயிலுக்கான கிறீம்,
அது என்னைச் சாம்பல் பூசிய ஆள் ஆக்கும்.
கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ இல்லை.
காலி வீதியில் மழையில்லாத நாளிலும் குடை.
மூன்று மாதம் பொறுங்கள், என்றார்கள்,
மாறும் என்று சொல்லவில்லை; அடங்கும் என்றார்கள்.
அடங்குகிறது.
போன கிழமை ஒருவர் கையெழுத்துப் போட்டு, காசை எண்ணி,
முகத்தைப் பார்க்காமலே போனார்.
அன்று முழுக்க எனக்கு அது இனித்தது.

இன்று ட்யூப் தட்டையாகிவிட்டது.
பல்லுக்குச் சுருட்டுவதுபோல் சுருட்டியாயிற்று.
புதியது கப்பலில் வருகிறதாம்,
வந்தாலும் விலை ஏறித்தான் வருமாம்.
பஸ்லியா கடைக் கத்தரிக்கோலை எடுத்தாள்,
அளக்காமல் வெட்டமாட்டாள், கண்ணால் அளந்தாள்.
'வெளி'க்கும் 'பூச்சி'க்கும் நடுவால்
ஒரே வெட்டு.

உள்ளே இன்னும் இருந்தது.
அவள் காதுக்குச்சியால் வழித்துத் தந்தாள்,
மிச்சத்தை லஞ்ச் ஷீட்டில் சுற்றினாள்.
ரெண்டு நாளைக்குக் காணும், என்றாள்.
சம்பளத்துக்கு மூன்று நாள்.